துண்டுக்குள் பேசியது

எங்கள் ஊரில் நான் பியானோ வாசித்து ஒருமுறைக்கு மேல் யாரும் கேட்டதில்லை. பார்த்திருக்கிறார்கள்.

சென்னையில் நான் தங்கியிருப்பது பெண்கள் விடுதி. அங்கே கட்டிலுக்கும் பெட்டிக்கும் போக மீதியிருக்கும் இடத்தில் ஆள் நிற்கலாம், பியானோ நிற்காது. அதனால் கச்சேரிக்கு முந்தைய வாரங்களில் ஊருக்கு வந்துவிடுவேன். உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஏரிக்கரையோரம் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் வீடு. நடு அறையில் நெல் மூட்டைகளுக்கும் பீரோவுக்கும் நடுவில் என் மின்சாரப் பியானோ இருக்கிறது. கச்சேரிப் பியானோவின் கட்டைகளைப் போலவே கனமான கட்டைகள். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் இசை என் காதுக்கு மட்டும். வெளியே நிற்பவர்களுக்குக் கட்டைகள் இறங்கி ஏறும் டொக் டொக் ஓசை ஒன்றுதான் கேட்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருநாள் என் அம்மாவிடம் கேட்டுவிட்டாள்.

"இன்னாம்மா ஒம்பொண்ணு? காலைலேர்ந்து கண்ண மூடிக்கினு அந்தப் பலகையத் தட்டிக்கினே கீது. எங்கனா ஒரு எடத்துல காட்டக் கூடாதா?"

"அதத்தான் வெளிநாடு போயி படிச்சிட்டு வந்துகீது."

"தட்டறதுக்கா?"

"ஆமா. நீ போயி தட்டிப் பாரேன், ஒனக்கு வருதான்னு."

ஸ்பீக்கரைப் போட்டு வாசித்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும். நான் போடவில்லை. ஒருமுறை போட்டபோது வாசலில் கூட்டம் கூடியது. சர்ச்சில் வாசிப்பது மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர் சினிமாப் பாட்டு கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா மாட்டுத் தரகர். கொஞ்சம் கழனியும் உண்டு. இன்றுவரை கையெழுத்துக்குக் கட்டைவிரலைத்தான் வைக்கிறார். அம்மா நடவுக்குப் போகிறவள். பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் பார்த்து ஏறுவாள். செங்கல்பட்டுப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி விடுதியில் என்னை விட்டபோது, சோறும் புத்தகமும் சீருடையும் அவர்களே கொடுப்பதைக் கேட்டுவிட்டு நைனா என் காதருகே குனிந்து, "இவ்ளோ பண்றாங்களே, இன்னாத்துக்குன்னு பாத்துக்கோ" என்றார். ஒரு தகப்பன் பிள்ளையைப் பள்ளியில் விட்டுப் போகும்போது சொல்லும் வார்த்தையா அது என்று என்னுடன் படித்தவர்கள் பின்னாளில் சிரித்திருக்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை. பளபளவென்று நிற்கிற மாட்டைத்தான் நைனா அதிக நேரம் பார்ப்பார். கொம்பைச் சீவியிருப்பார்கள், வயிறு முட்டத் தண்ணீர் காட்டியிருப்பார்கள். வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் புத்தி எனக்கும் இருக்கிறது. வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சந்தைக்கு ஒருமுறை அவருக்குச் சோறு கொண்டுபோனேன். ஒரு காளைக்குப் பக்கத்தில் நைனாவும் இன்னொருவரும் நின்றிருந்தார்கள். இருவர் கையையும் ஒரே துண்டு மூடியிருந்தது. முகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. "இது மாடா, எலும்புக்கூடு" என்று மற்றவர் கத்த, "ஒன் கண்ணுல கோளாறு" என்று நைனா கத்த, துண்டு மட்டும் உள்ளே ஏதோ உயிருள்ளது இருப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். எத்தனை விரல், எந்த விரல் என்பதில் இருக்கிறது கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

"அப்ப இன்னாத்துக்கு அப்படிக் கத்தற?" என்று கேட்டேன்.

"மேல பேசறது ஊருக்கு. உள்ள புடிக்கறதுதான் நெசம்" என்றார். துண்டுக்குள் பிடித்ததை மாற்றக் கூடாது. துண்டுக்குள் பொய் பிடிக்கக் கூடாது. உள்ளே பேசியதை மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. அன்று அந்தக் காளை என்ன விலைக்குப் போனது என்று அம்மா வீட்டில் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். நைனா சோற்றில்தான் கவனமாக இருந்தார்.

பியானோ என் வாழ்க்கையில் வந்த கதையை எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் நான் அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். டிவியில் பார்த்திருந்தேன். பள்ளி விடுதியில் பிரார்த்தனைக் கூடத்தைக் கூட்டுகிற முறை எனக்கு வரும்போது அங்கிருந்த பியானோவின் மூடியைத் திறந்து காலையில் பாடிய பாட்டைத் தேடித் தேடி வாசிப்பேன். கன்னியாஸ்திரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. எனக்குக் கூட்டுகிற வேலையிலிருந்து விடுதலை வேண்டியிருந்தது. இப்படித்தான் ஆரம்பம். பிறகு கிரேடு தேர்வுகள், சென்னையில் இசைக் கல்லூரி, பனி கொட்டும் ஊர் ஒன்றில் இரண்டு வருடம் உதவித்தொகையில் படிப்பு. திரும்பி வந்து சென்னை, பெங்களூரு, மும்பை என்று தனிக் கச்சேரிகள். நன்றாகவே வாசிக்கிறேன். இதை நானே சொல்வதில் தவறில்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அந்தக் கட்டைகளின் முன் உட்காருகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சந்தேகம் ஒரு புகைப்படத்தில் தொடங்கியது.

ஒரு பத்திரிகையிலிருந்து ஊருக்கு வந்திருந்தார்கள். பியானோவின் முன் உட்காரவைத்து இரண்டு படம் எடுத்த போட்டோகிராபர், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், அப்படியே கழனியில இறங்கி நடவு நடுற மாதிரி ஒண்ணு" என்றார்.

"அதுக்கு நடவே தெரியாதுங்க" என்றாள் அம்மா. "நான் சேத்துல எறங்க வுட்டதே இல்ல. படிக்கிற புள்ளன்னு."

"பரவாயில்லம்மா. சும்மா ஒரு நாத்து புடிச்சா போதும்."

அம்மாவுக்கு வந்தவர்களிடம் மறுத்துப் பேசத் தெரியாது. அவளே என் விரல்களை விரித்து நாற்றை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். "ஏய், நாத்தத் தலகீழா புடிச்சிக்கினு கீது பாருங்கடி!" என்று ஒருத்தி கத்த, சேற்றில் நின்றபடி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்துவிட்டார்கள். "சேற்றிலிருந்து சொனாட்டா வரை" என்று தலைப்புப் போட்டு வந்தது.

அதன்பிறகு நான் போன மேடைகளில் எல்லாம் அந்தச் சேறு எனக்கு முன்னால் போய் நின்றது. தொகுப்பாளர்கள் முதலில் நடவைச் சொல்வார்கள், பிறகு நைனாவின் கட்டைவிரலைச் சொல்வார்கள், கடைசியில் என் பெயர். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் கைதட்டல் கூரையைத் தொடும். ஒரு கட்டையைக்கூட நான் இன்னும் தொட்டிருக்க மாட்டேன். எதற்குத் தட்டுகிறார்கள்?

பெங்களூருவில் ஒரு கச்சேரியில் இதைச் சோதித்துப் பார்த்தேன். மெதுவான பகுதியில், வேண்டுமென்றே, ஒரு முழுப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்த இசை தெரிந்தவர்களுக்கு, நடுவில் பாலம் உடைந்து விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கண் கலங்கிய ஒரு அம்மையார் மேடைக்குப் பின்னால் வந்து, "உங்க வாசிப்புல அந்த மண்வாசனை இருக்கு" என்றார். அந்த இசையை எழுதியவர் நெல் வயலையே பார்த்திருக்க மாட்டார்.

நைனாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"பல்லப் பாக்காமயே தட்டிட்டாங்களா?"

"ஆமா நைனா."

"அப்ப அவங்க மாடு வாங்க வந்தவங்க இல்ல. வேடிக்க பாக்க வந்தவங்கோ" என்றார்.

அன்றிலிருந்து எந்தப் பாராட்டையும் என்னால் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. நான் நல்ல பியானோ கலைஞரா, இல்லை நல்ல கதையா என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. யாரிடம் கேட்டாலும் அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தவர்களாக இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. வெளிநாட்டு இசைக்குழு ஒன்று சென்னைக்கு வருகிறது. அவர்களோடு ஒரு கான்செர்ட்டோ வாசிக்க இங்கிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். கான்செர்ட்டோ என்றால் மொத்தக் குழுவும் பின்னால் இருக்க, ஒரே ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பது. என் வயதில் அது பெரிய வாய்ப்பு. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குக் கீழே இருந்த விதிதான். வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் நடுவில் கறுப்புத் திரை. பெயர் கிடையாது, எண் மட்டும். ஆணா பெண்ணா என்று காலடி ஓசையில்கூடத் தெரியக் கூடாது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது.

இடம் கிடைக்கிறதோ இல்லையோ, என்னைத் தெரியாத காது ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. விண்ணப்பித்தேன்.

நைனாவுக்கு அந்தத் திரை பிடிக்கவே இல்லை.

"துணியக் கட்டிக்கினு இன்னா பரிட்ச? உள்ள யாரு கீறாங்கன்னு அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது நைனா. தெரியக் கூடாதுன்னுதான் திரை."

"நீ படிச்சவ, அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்கோ. துணி போட்டு மூடுனா அதுக்கடில பேச்சு நடக்குதுன்னு அர்த்தம். எவனுக்கோ முடிஞ்சிபோயிருக்கும். ஒங்கள எல்லாம் சும்மா கூப்டு தட்டச் சொல்லுவான்."

தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்.

சென்னையில் அந்த அரங்கின் வாசலிலேயே நைனாவை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பேர். பெட்டியில் கைவிட்டு எண் எடுத்தோம். எனக்குக் கடைசி. செருப்பைக் கழற்றினேன். கொலுசையும் கழற்றிப் பையில் போட்டேன். எதிரில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல, "நீங்க அந்த நாத்து போட்டோ இல்ல?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு அவள் வாயைப் பொத்திவிட வேண்டும்போல இருந்தது.

இரண்டு மூன்று பேர் வாசித்து முடித்திருப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒருங்கிணைப்பாளர் வேகமாக உள்ளே வந்தார். நாற்பதைத் தாண்டியவர். கண்ணாடியைத் தூக்கித் தலையில் ஏற்றியிருந்தார்.

"வெளியே பச்சைத் துண்டு போட்ட பெரியவர் யாரோட வந்திருக்கார்?"

எதிரில் இருந்த பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"டீ குடிக்க வெளியே போனேன். என் கையைப் பிடிச்சு, மேல துண்டைப் போட்டு மூடி, விரலை அமுக்குறார். ஏதோ பேரம் பேசுறார். இதை ஜூரிகிட்ட சொல்லியாகணும். யார்னு தெரியலைன்னா செக்யூரிட்டியை விட்டு கேட்டுக்கு வெளியே அனுப்பிடுவேன்."

ஜன்னலில் தெரிந்தது. நைனா நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் காவலாளியின் கை. நைனா அந்தக் கையைப் பார்க்காமல் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். சந்தையில் பேரம் முறிந்தால் அப்படித்தான் மடிப்பார்.

நான் வாய் திறந்தால் திரை வெறும் துணியாகிவிடும். அதற்காகத்தானே அத்தனை நாள் அந்த டொக் டொக். பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவர் கேட்டுக்கு வெளியே நிற்பார். வாசித்து முடித்துவிட்டுப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெயில் அவருக்குப் பழக்கம்தான். இவ்வளவும் நினைத்தேன். ஆனால் அந்தக் காவலாளியின் கை அங்கேயே இருந்தது.

"என் அப்பா" என்று எழுந்தேன்.

வாசலுக்குப் போனோம்.

"நைனா, இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. கேட்டேன்."

"இன்னா கேட்ட?"

"முடிஞ்சிபோச்சுன்னா ஒரு வெரலு, முடியலன்னா ரெண்டு வெரலுன்னு கேட்டேன். பாவம், வாயால சொல்லி மாட்டிக்கப் போறாரேன்னுதான் துண்டப் போட்டேன். இவரு இன்னாடான்னா பாம்பத் தொட்ட மாதிரி கையப் புடுங்கிக்கினாரு."

"அது லஞ்சம் இல்லையா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"லஞ்சமா?" நைனா காவலாளியின் கையை உதறினார். "நான் இன்னா குடுத்தேன் ஒனக்கு? என் கையத் தவிர இன்னா குடுத்தேன், சொல்லு!"

நான் சந்தையைப் பற்றிச் சொன்னேன். மாடு, துண்டு, விரல், உள்ளே பொய் பிடிக்கக் கூடாது என்பது. கேட்கக் கேட்க ஒருங்கிணைப்பாளரின் முகத்திலிருந்து கோபம் வடிந்தது. அந்த இடத்தில் ஒரு புன்னகை வந்தது. எனக்குத் தெரிந்த புன்னகை. நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் முதல் வரிசைகளில் வருமே, அதே புன்னகை.

"ரொம்ப அழகா இருக்கே இது!" என்றார். "ஜூரிக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவர் கோபமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அவங்ககிட்ட சொல்லக் கூடாது சார். ஒரு வார்த்தைகூட."

"ஏம்மா? உங்களுக்கு நல்லதுதானே?"

"எனக்கு நல்லதுன்னுதான் சொல்லக் கூடாதுங்கறேன்."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. "சரி, சொல்லலை" என்றார். சொல்லும்போது அரங்கத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடுவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே போனார். அவர் வேலையே அங்கேதான். ஆனாலும் அந்தக் கதவு மீண்டும் திறக்கும்வரை நான் அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் போனார்.

என் முறை வந்தது. வெறுங்காலுடன் மேடைக்குப் போனேன். கறுப்புத் திரை கூரையிலிருந்து தரைவரை தொங்கியது. பியானோ குளிர்ந்துபோய் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினார். நாற்காலி ஒன்று நகர்ந்தது. முதல் பகுதியை வாசித்து முடித்துக் கையை எடுத்தபோது, அங்கே யாரோ மெல்லச் சிரித்தார்கள். அல்லது சிரித்த மாதிரி இருந்தது. துண்டைப் பற்றியா? இல்லை, அவர்களுக்குள் வேறு ஏதாவதா? எழுந்து போய்த் திரையை விலக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. அடுத்த பகுதியைத் தொடங்கினேன். கோபத்தில் வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சுரத்தையும் விடவில்லை.

மாலையில் எண்ணைப் படித்தார்கள். என் எண்.

நடுவர்கள் திரைக்கு வெளியே வந்தார்கள். உயரமான ஒரு வயதான வெளிநாட்டுப் பெண் என் கையைக் குலுக்கி, இன்னொரு கையால் அதன்மேல் மூடிக்கொண்டார். அங்கே சிலர் அப்படிச் செய்வார்கள். அந்த மாதிரி ஊரில் இருந்தவள் நான், எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே மூடிய அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனபிறகு, சம்மதத்தை அன்றே சொல்லிவிட வேண்டும் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். கொஞ்சம் நேரம் கேட்டேன்.

மரத்தடியில் நைனா எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கிக்கினு கீற?"

"அந்த சார் உள்ள போய் ஒன் கதைய சொல்லியிருந்தா எனக்கு இது வேணாம் நைனா. சொல்லலன்னா ஒத்துக்கறேன்."

"பேஜாரு புடிச்ச பொண்ணா கீறியே! குடுத்தத வாங்கிக்கினு வூடு வந்து சேருவியா…" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. கூப்புடு அந்தாள."

ஒருங்கிணைப்பாளர் வந்தார். "அவங்ககிட்ட சொன்னீங்களா சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே, இல்லம்மா" என்றார். நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டதுபோல இருந்தது.

"வாயால சொல்றது ஊருக்கு" என்றார் நைனா. தோளிலிருந்து துண்டை எடுத்தார். "சார், கையக் குடு. நான் புடிக்கறேன்."

"நீ வேணாம் நைனா" என்றேன். "அவரு எந்த விரலப் புடிச்சாலும் நீ எனக்கு நல்லதாத்தான் சொல்லுவ."

நைனா முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அதுவும் நெசந்தான்" என்றார். "ஆனா பொம்பளைங்க துண்டுக்குள்ள கை வெச்சி நான் பாத்ததில்லியே."

"எனக்கு முன்னால நம்ம ஊருல பொம்பளைங்க பியானோ வாசிச்சும்தான் நீ பாத்ததில்ல."

துண்டு என் கைக்கு வந்தது. ஒருங்கிணைப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா அவருக்கு விதியைச் சொன்னார். "உள்ள சொல்லியிருந்தா ஒரு வெரலப் புடி. சொல்லலன்னா ரெண்டு. மேல எவ்ளோ பொய் வேணாலும் பேசிக்கோ சார், தப்பில்ல. துண்டுக்குள்ள பேசக் கூடாது. பேசுனா வூட்டு மாடு வெளங்காது."

"எங்க வீட்ல மாடு இல்லைங்களே."

"பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்களா இல்லியா?"

அவர் முகத்தில் இருந்த புன்னகை போய்விட்டது. தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். கையை நீட்டினார். துண்டை மேலே போட்டேன். நைனா முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தார். துண்டுக்குள் அந்தக் கை வியர்த்திருந்தது. என் சுட்டுவிரலைத் தேடித் தொட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு பிடித்தது.

நான் துண்டை எடுத்து மடித்து நைனாவிடம் கொடுத்தேன். "வாசிக்கிறேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க சார்" என்றேன். "ஒண்ணு மட்டும். மேடையில என் பேரையும் வாசிக்கப்போறதையும் தவிர எதையும் படிக்கக் கூடாது."

செங்கல்பட்டு வரை ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் நைனா கேட்டுக்கொண்டே வந்தார்.

"எத்தினி வெரலு?"

"துண்டுக்குள்ள பேசினத வெளிய சொல்லக் கூடாது."

"நான் தரகனாச்சே, எனக்குத் தெரியலாம்."

"அம்மாகிட்ட ஒரு மாட்டு வெலயாவது சொல்லியிருக்கியா நீ?"

"ஒத்துக்கிட்டல்ல, அப்ப ரெண்டுதான்" என்றார் தனக்குள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, "ரெண்டுதானே?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கச்சேரி அன்று அரங்கம் நிறைந்திருந்தது. நைனாவும் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். தொகுப்பாளர் என் பெயரைச் சொன்னார், வாசிக்கப்போவதைச் சொன்னார், போய்விட்டார். யாரோ ஒருவருக்குத் தட்டுகிற அளவுக்குத் தட்டினார்கள். உட்கார்ந்தேன். முதல் பகுதி முடிந்தது. இந்தக் கச்சேரிகளில் பகுதிகளுக்கு நடுவில் கைதட்டுகிற வழக்கம் கிடையாது. இதை நைனாவிடம் சொல்ல மறந்திருந்தேன்.

"இன்னாடி இது, ஒருத்தனும் தட்டல?" என்று அவர் அம்மாவிடம் கேட்டது மேடைவரை வந்தது.

"சும்மா இரு. சாமி ரூம்பு மாதிரி கீது" என்றாள் அம்மா.

வயலின்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டாம் பகுதியைத் தொடங்கினேன்.

எல்லாம் முடிந்து, மாலைகளும் போட்டோக்களும் ஓய்ந்தபிறகு, கைத்தடியோடு ஒரு முதியவர் எனக்காகக் காத்திருந்தார். அவர் கையில் நிகழ்ச்சி நிரல் சுருட்டப்பட்டிருந்தது.

"மூணாவது பகுதி வேகம் கொஞ்சம் கூடிப்போச்சும்மா" என்றார். "நடுவுல குழல்காரர் உங்களைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. இரண்டாவது நல்லா இருந்தது."

உண்மைதான். ஓடித்தான் போயிருந்தேன்.

"எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார்.

பழக்கத்தில், "எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தெரியாது, அதான் கேட்டேன்" என்றார்.

"உத்திரமேரூர் பக்கம்."

"ஓ, பெரிய ஏரியாச்சே" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

தூரத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த நைனா பக்கத்தில் வந்தார். "அந்தாளு இன்னா சொன்னாரு?"

"வேகமா வாசிச்சிட்டேனாம்."

"அப்பிடியா சொன்னான்? யாரு அவன்? எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்கோ, இவனுக்கு இன்னாவாம்?" துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது.

"விடு நைனா. அவருதான் பல்லப் புடிச்சுப் பாத்தவரு."

நைனா படிகளின் கீழே போய்க்கொண்டிருந்த முதியவரை நெடுநேரம் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாத்தா பாத்துட்டுப் போறாரு" என்றார். "ஆனா எந்த ஊருன்னு இன்னாத்துக்குக் கேட்டாரு?"